வெலிங்டனுக்கே திரும்பி வந்தவர்: சாம் மானெக்‌ஷாவின் மலையில் ஒரு பயணம்

முதல் நாள்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்

இன்று பிப்ரவரி 22. 1942ஆம் ஆண்டு இதே நாளில், பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில், 27 வயது கேப்டன் ஒருவரின் உடலில் ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. பிழைக்க மாட்டார் என்று கருதப்பட்ட அவர் அதற்குப் பிறகு 66 ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகி பாகிஸ்தானுடனான 1971 போரை நடத்தினார். தரைப்படையின் மிக உயர்ந்த பட்டமான ஃபீல்டு மார்ஷலைச் சுதந்திர இந்தியாவில் முதலில் பெற்றவர் ஆனார். அவருடைய கடைசி முப்பத்தைந்து ஆண்டுகள் நம் நீலகிரியில் கழிந்தன. சாம் மானெக்‌ஷா பணியாற்றிய, வாழ்ந்த, அடக்கமான இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணம்.

மலை ரயில் காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டது. கல்லாறு வரை சமவெளியில் ஓடுகிற வண்டி, அங்கிருந்து பல்சக்கரத்தின் பிடியில் ஏறத் தொடங்குகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசையை எஞ்சினின் சக்கரம் ஒவ்வொரு பல்லாகக் கவ்விப் பிடிப்பதை உட்கார்ந்திருக்கும் பலகையிலேயே உணர முடிகிறது. எஞ்சின் இங்கே வண்டியை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கொடியுடன் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் வளைவுக்கு வளைவு ஒருவருக்கொருவர் சைகை காட்டிக்கொள்கிறார்கள். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பதற்காக வண்டி நின்றபோது குறிப்பேட்டை எடுத்தேன்.

மானெக்‌ஷாவின் கதையும் ஒரு ரயிலில்தான் தொடங்குகிறது. அவருடைய தந்தை ஹோர்மஸ்ஜி ஒரு மருத்துவர். குஜராத்தின் வல்சாடைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சி. 1903இல் பம்பாயை விட்டு லாகூரில் தொழில் நடத்தலாம் என்று கருவுற்ற மனைவியுடன் கிளம்பியவர், அமிர்தசரஸில் மனைவியால் மேற்கொண்டு பயணம் செய்ய முடியாமல் போகவே அங்கேயே இறங்கினார். ஓய்வெடுக்க இறங்கிய ஊரே அவர்களுக்குச் சொந்த ஊரானது. 1914 ஏப்ரல் 3 அன்று சாம் அங்கேதான் பிறந்தார். லண்டனுக்குப் போய் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வயது போதாது என்று தந்தை மறுத்தார். அந்தக் கோபத்தில் டேராடூனில் புதிதாகத் தொடங்கவிருந்த ராணுவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதி, 1932இல் அதன் முதல் அணியின் நாற்பது பேரில் ஒருவராகச் சேர்ந்தார். அதே அணியில் பயின்ற ஸ்மித் டன் பிற்காலத்தில் பர்மாவின் படைத் தளபதியானார்; முகமது மூசா பாகிஸ்தானின் படைத் தளபதியானார். மூன்று நாடுகளின் தளபதிகள் ஒரே அணிவகுப்பு மைதானத்தில் நடை பயின்றிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, பிரிவினை எதையெல்லாம் பிரித்தது என்பது விளங்குகிறது.

சிட்டாங்கைப் பற்றி இன்று எழுதியாக வேண்டும். 12ஆம் எல்லைப்புறப் படைப்பிரிவின் நான்காவது பட்டாலியனில் சீக்கியர் கம்பெனி ஒன்றுக்கு மானெக்‌ஷா தலைமை வகித்தார். ஆற்றுப் பாலத்தை ஜப்பானியர் கைப்பற்றிவிடாமல் தடுக்க, அதன் அருகிலிருந்த பகோடா குன்றை மீட்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி. குன்று மீட்கப்பட்டது, அவர் வீழ்ந்தார். அவருடைய சிப்பாய் ஷேர் சிங் அவரைச் சுமந்து களத்தைவிட்டு வெளியே கொண்டுவந்தார். 17ஆம் டிவிஷனைச் சேர்ந்த டேவிட் கோவன், இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் வழங்கும் வழக்கம் இல்லையென்பதால், தம் சொந்த மார்பிலிருந்த பதக்க நாடாவைக் கழற்றி அந்த இளைஞரின் சட்டையில் குத்தினார் என்பது பலரும் அறிந்த செய்தி. பெகுவில் இருந்த ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் பிழைக்க வழியில்லை என்று முதலில் தொடவே மறுத்தார். ஷேர் சிங் விடவில்லை. என்ன ஆயிற்று என்று மருத்துவர் கேட்டபோது, நினைவு திரும்பியிருந்த மானெக்‌ஷா, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம். இப்படிப் பேசுகிறவன் பிழைத்துக்கொள்வான் என்று மருத்துவர் கத்தியை எடுத்தார். ஏழு குண்டுகள் வெளியே வந்தன. மானெக்‌ஷாவின் துணிச்சலான பதிலை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஷேர் சிங்கைப் பற்றி அதில் பாதியளவு கூட யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தச் சிப்பாயின் தோள் இல்லாவிட்டால், இந்த மலையில் எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

குன்னூருக்குச் சற்று முன்பு காட்டேரி வருகிறது. முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரின் உயிரைப் பறித்த ஹெலிகாப்டர் விபத்து, 2021 டிசம்பர் 8 அன்று இந்தப் பக்கத்தில்தான் நஞ்சப்பசத்திரம் அருகே நேர்ந்தது. சாம் பிற்காலத்தில் தம் சொந்தமாகக் கொண்ட கூர்க்கா படையிலிருந்துதான் ராவத்தும் வந்தார். ராணுவ அதிகாரிகளுக்கு மேற்பயிற்சி தரும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் உரையாற்றத்தான் வந்துகொண்டிருந்தார். வண்டிக்குள் அதுவரை பேசிக்கொண்டு வந்தவர்களும் அந்த இடத்தில் சன்னல் பக்கம் திரும்பினார்கள்.

இரண்டாம் நாள்: வெலிங்டன்

குன்னூரிலிருந்து வெலிங்டன் மிக அருகில். பேருந்தில் ஏறினால் பயணச்சீட்டை மடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது. நான் நடந்தே போனேன்.

ஜக்கதலா என்ற படகர் ஊரின் பக்கத்தில் ஆங்கிலேயர் 1850களில் படைவீடுகளைக் கட்டினர். பிறகு வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டினர். இன்று இங்கே இரண்டு பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று, மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் தலைமைப் பயிற்சி மையமான எம்.ஆர்.சி.; அந்தப் படைப்பிரிவின் தொடக்கம் 1758. மற்றொன்று ஸ்டாஃப் காலேஜ். ஆங்கிலேயர் காலத்தில் அது குவெட்டாவில் இருந்தது. மானெக்‌ஷாவும் 1943இல் அங்கேதான் பயின்றார். பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியாவின் பங்காக வந்த நூல்களையும் ஆசிரியர்களையும் கொண்டு வெலிங்டனில் புதிய கல்லூரி எழுந்தது. அவருடைய சொந்தப் படைப்பிரிவும் அந்தப் பக்கம் போய்விட்டது. பதின்மூன்று ஆண்டுகள் பழகிய கொடி ஒரே நாளில் வேறொரு நாட்டின் கொடியானது. அதன் பிறகு கூர்க்காக்களே அவருடைய சொந்தப் படையினர் ஆனார்கள். உங்கள் தளபதியின் பெயர் என்ன என்று அவர் கேட்டதற்கு, ஒரு கூர்க்கா சிப்பாய் ‘சாம் பகதூர்’ என்று விடை சொன்னதிலிருந்து அந்தப் பெயரே நிலைத்தது.

கல்லூரிக்குள் வெளியார் போக முடியாது. போக முயலவும் இல்லை. ஊட்டி சாலையில் 2009 முதல் அவர் பெயரால் வழங்கும் மானெக்‌ஷா பாலத்தையும், அதையொட்டி நிற்கும் கருங்கல் சிலையையும் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடப் பேருந்து கடந்து போனது. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டது. அவர்களில் சிறுமி ஒருத்தி பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

அந்தச் சிலையின் எதிரே நின்றுகொண்டு நான் நினைத்தது 1971இல் பாகிஸ்தான் படை சரணடைந்த டாக்காவை அல்ல. இதே ஊரில் அவர் பட்ட அவமானத்தைத்தான் நினைத்தேன். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1971இல் தொடங்கி 1971இலேயே முடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் அவருடைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள வேண்டிய ஆண்டுகள் 1959 முதல் 1962 வரையிலான வெலிங்டன் ஆண்டுகள்.

1959இல் மேஜர் ஜெனரலாக இந்தக் கல்லூரியின் தலைவராக வந்தார். அப்போது பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன், அமைச்சரின் ஆதரவு பெற்று வேகமாக மேலே வந்துகொண்டிருந்தவர் ஜெனரல் பி.எம். கௌல். அதற்கு முன்பு ஜம்முவில் டிவிஷன் ஒன்றின் தலைமையில் இருந்த காலத்திலேயே மேனனுக்கும் மானெக்‌ஷாவுக்கும் உரசல் ஏற்பட்டிருந்தது. தலைமைத் தளபதி திம்மையாவைப் பற்றி உமது கருத்து என்ன என்று அமைச்சர் கேட்டபோது, என் தளபதியைப் பற்றிக் கருத்துச் சொல்வது என் வேலையன்று, இன்று என்னிடம் இப்படிக் கேட்டால் நாளை என் கீழுள்ள பிரிகேடியர்களிடம் என்னைப் பற்றிக் கேட்பீர்கள், படையின் ஒழுங்கு அங்கேயே கெட்டுவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். அதன் விலையை வெலிங்டனில் கொடுத்தார். தேசப்பற்று இல்லாதவர், ஆங்கிலேய வழக்கங்களில் மயங்கிக் கிடப்பவர் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள் தொகுக்கப்பட்டு, அவர் மீது விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. நாட்டின் நாளைய தளபதிகளுக்குப் பாடம் சொல்லும் கல்லூரியின் தலைவர், தம் மாணவ அதிகாரிகளும் ஆசிரியர்களும் அறிய, தேசத் துரோகி என்ற பழியுடன் பல மாதங்கள் இந்தச் சாலைகளில் நடமாட வேண்டியிருந்தது. சிட்டாங்கில் பட்ட காயத்தைவிட இது ஆழமானது என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் அந்தக் குண்டுகள் எதிரியிடமிருந்து வந்தவை.

மேற்குப் பகுதித் தளபதி தௌலத் சிங் தலைமையில் நடந்த விசாரணையில் குற்றச்சாட்டுகள் எதுவும் நிற்கவில்லை. ஆயினும் பதவி உயர்வு தள்ளிப்போனது. பிறகு 1962 அக்டோபரில் சீனப் படைகள் எல்லையைத் தாண்டின; நான்காம் படையணிக்குத் தலைமை தாங்கிய கௌல் தோல்விக்குப் பின் விலகினார்; மேனனும் பதவி இழந்தார். அதே நான்காம் படையணிக்குத் தலைமை ஏற்க தேஜ்பூருக்கு அனுப்பப்பட்டவர் மானெக்‌ஷா. எழுத்து மூலமான ஆணையின்றி இனிப் பின்வாங்குதல் இல்லை, அத்தகைய ஆணை ஒருபோதும் பிறப்பிக்கப்படாது என்பது அங்கே சோர்ந்து போயிருந்த அதிகாரிகளிடம் அவர் முதலில் சொன்னவற்றுள் ஒன்று.

மாலையில் எம்.ஆர்.சி. பக்கமிருந்து கூட்டாக எழுந்த குரல் பள்ளத்தாக்கைத் தாண்டி வந்தது. ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற முழக்கத்தைப் படித்திருக்கிறேன். பயிற்சி முடித்த இளைஞர்களின் தொண்டையிலிருந்து கேட்டது இன்றுதான்.

மூன்றாம் நாள்: குன்னூர்

‘ஸ்டாவ்கா’ என்று பெயரிட்டு அவர் கட்டிக்கொண்ட வீடு குன்னூரில் இருக்கிறது. அது தனியார் இல்லம். அதனால் அடையாளம் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. தொலைவிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பி, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பாதையில் வெகுநேரம் நடந்தேன்.

1969 ஜூனில், நம் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்திலிருந்து வந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலத்திடமிருந்து தலைமைத் தளபதிப் பொறுப்பை மானெக்‌ஷா ஏற்றார். 1971 மார்ச்சில் கிழக்குப் பாகிஸ்தானில் அடக்குமுறை தொடங்கியது. அகதிகள் எல்லையைக் கடந்து வரத் தொடங்கினர். ஆண்டு இறுதிக்குள் அவர்களின் தொகை ஏறக்குறைய ஒரு கோடியை எட்டியது. ஏப்ரல் இறுதியில் அமைச்சரவைக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டபோது, உடனே படையெடுக்க வேண்டும் என்ற பேச்சுக்கு அவர் இணங்கவில்லை என்பதை அவரே பின்னாளில் பல மேடைகளில் விவரித்திருக்கிறார். மழைக்காலம் வந்துவிட்டால் வங்கத்தின் ஆறுகள் கடலாகிவிடும். படைகள் சாலையை விட்டு இறங்க முடியாது. இமயத்தின் கணவாய்கள் திறந்திருப்பதால் சீனா தலையிட வழியுண்டு. கவசப் படையின் டாங்கிகள் பெரும்பாலும் போருக்குத் தயாராக இல்லை. அறுவடைக் காலமாதலால் படைகளை ஏற்றிச் செல்ல ரயில்களை எடுத்துக்கொண்டால் தானியம் நகராது. இப்போதே போர் என்றால் தோல்வி உறுதி, வேண்டுமானால் உடல்நலம் காரணமாக விலகிக்கொள்கிறேன் என்று பிரதமர் இந்திரா காந்தியிடம் தனியே கூறினார். பிரதமர் அவர் கேட்ட காலத்தைத் தந்தார். அந்தக் கூட்டத்தைப் பற்றிய அவருடைய விவரிப்பில் மிகை உண்டு என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். சொற்களில் மிகை இருக்கலாம். போர் டிசம்பரில்தான் நடந்தது என்பதில் மிகை இல்லை. டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த அந்தப் போரின் முடிவில் பாகிஸ்தான் தரப்பில் ஏறக்குறைய 93,000 பேர் சிறைப்பட்டனர். சரணாகதியை ஏற்க டாக்காவுக்குச் சென்றவர் கிழக்குப் பகுதித் தளபதி அரோரா. புகைப்படத்தில் மானெக்‌ஷா இல்லை.

அமைச்சர் முன்னால் திம்மையாவைப் பற்றிப் பேச மறுத்த வாயும், பிரதமர் முன்னால் போருக்கு நாள் குறிக்க மறுத்த வாயும் ஒன்றுதான். முதல் மறுப்புக்குப் பதவியே போயிருக்கும் என்பதை அனுபவித்து அறிந்த ஒருவர் இரண்டாம் முறையும் மறுத்தார் என்பதால்தான், நேற்று வெலிங்டனைப் பற்றி அவ்வளவு எழுதினேன்.

1973 ஜனவரி 3 அன்று ஃபீல்டு மார்ஷல் பட்டம் சூட்டப்பட்டது. அந்தப் பட்டம் பெற்றவர்கள் இந்தியத் தரைப்படையில் இருவரே. மற்றவர் 1986இல் பெற்ற கரியப்பா. ஜனவரி 15 அன்று மானெக்‌ஷா பணி ஓய்வு பெற்று, மனைவி சில்லுவுடன் குன்னூரில் குடியேறினார். தில்லியில் இருந்திருக்கலாம், உறவினரும் சமூகத்தாரும் நிறைந்த பம்பாய்க்குப் போயிருக்கலாம். தேசத் துரோகி என்று தம்மைச் சொன்ன காலத்தில் தாம் வாழ்ந்த மலையையே அவர் தேர்ந்தெடுத்தார். குளிரும் அமைதியும் பிடித்திருந்தன என்பது எளிய விடை. இளம் அதிகாரிகள் ஆண்டுதோறும் புதிதாக வந்து சேரும் கல்லூரி பக்கத்திலேயே இருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். 1998இல், எண்பத்து நான்கு வயதில்கூட, அங்கே தலைமைப் பண்பைப் பற்றி உரையாற்றினார்.

ஓய்வுக்குப் பின் அவர் பேசிய சில பேச்சுகள் தில்லியில் கசப்பை உண்டாக்கின. அதில் அவர் பக்கமும் பிழை உண்டு. நாவடக்கம் அவருடைய சிறப்புகளில் ஒன்றல்ல. ஆனால் ஃபீல்டு மார்ஷல் என்பவர் வாழ்நாள் முழுவதும் பணியில் இருப்பவராகவே கருதப்பட்டு முழு ஊதியம் பெற வேண்டியவர். அந்த நிலுவைத் தொகை, ஒரு கோடி ரூபாய்க்கும் மேலானது, அவருடைய கைக்கு வந்து சேர்ந்தது 2007இல். அப்போது அவருக்கு வயது 93. இதைப் பேச்சுக்குப் பழிவாங்கியதாகக் கொண்டாலும் சரி, அலுவலகச் சோம்பல் என்றாலும் சரி, எனக்கு இரண்டும் ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை.

நான்காம் நாள்: ஊட்டி

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பேருந்தில் வந்தேன். அருவங்காட்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், நான் எதற்காக வந்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, தாம் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றதைச் சொன்னார். 2008 ஜூன் 27 அன்று எங்கே இருந்தீர்கள் ஐயா என்று கேட்டேன்.

“ரோட்டோரமா நின்னேன் தம்பி. பென்ஷன் வாங்கிப் பல வருஷம் ஆயிருந்துச்சு. பழைய மெடலை எல்லாம் எடுத்துக் குத்திக்கிட்டுப் போய் நின்னேன். எனக்கு யாரும் ஆர்டர் போடல.”

அவர் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மகளின் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிச் சேரிங் கிராஸில் இறங்கிக்கொண்டார்.

அந்த நாள் அதிகாலையில், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில், நுரையீரல் தொற்றால் மானெக்‌ஷா காலமானார், வயது 94. ‘நான் நன்றாகவே இருக்கிறேன்’ என்பது அவருடைய கடைசிச் சொற்கள் என்று அப்போதைய செய்திகள் கூறின. நாடு தழுவிய துக்க நாள் அறிவிக்கப்படவில்லை. குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை, முப்படைத் தளபதிகளும் வரவில்லை. பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் பல்லம் ராஜு வந்தார். ஒரு முழுப் போரை வென்று தந்தவருக்கு இவ்வளவுதானா என்று நாளிதழ்களில் பலர் எழுதினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்வி ஓயவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டில் வெளியிட்டார். ஆறு மாதம் தாழ்த்தி வந்த அந்த மரியாதையைப் பற்றி ஹவில்தாரிடம் கேட்க நினைத்திருந்தேன். அவர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டதாகப் பட்டது.

பார்சிகள் வழக்கமாக இறந்தவர்களைப் புதைப்பதில்லை. பம்பாய் போன்ற ஊர்களில் இறந்தவர்களின் உடலை வைப்பதற்கென்று உயர்ந்த கோபுரங்கள் உண்டு. அவை இல்லாத ஊர்களில் ‘ஆராம்கா’ என்ற அடக்கத்தலம் அமைத்துக்கொள்கிறார்கள். ஊட்டியில் இருப்பதும் அத்தகையது, சிறிய இடம். 2001இல் மறைந்த சில்லுவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1939இல் பம்பாயில் திருமணமாகி, மூன்றாண்டுக்குள் கணவனைச் சிட்டாங்கில் ஏறக்குறைய இழந்து, பின் வெலிங்டன் விசாரணையையும் உடனிருந்து கடந்தவர் சில்லு. இந்தக் குறிப்புகளில் அவருக்குப் போதிய இடம் தரவில்லை. கிடைக்கும் நூல்களும் தரவில்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இது சுற்றுலாத் தலம் அல்ல, ஒரு சிறு சமூகத்தின் அடக்கத்தலம். முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போங்கள். உள்ளே படம் எடுக்காதீர்கள். மற்ற கல்லறைகளுக்கும் அதே மரியாதை கொடுங்கள். ஜூன் 27 அன்று ராணுவத்தினர் மலர்வளையம் வைக்க வருவார்கள், அன்றைக்கு வேறு நேரத்தில் போவது நல்லது. நேரம் இருந்தால், ஊட்டிக்கு வருவதற்கு முன் வெலிங்டனில் இறங்கி அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்; அந்தச் சாலைகளைப் பார்த்த பிறகு இங்கே வருவதே முறையான வரிசை என்று நான் நினைக்கிறேன்.